முதலில் ரேம் எவ்வளவு என்று சொல்லுங்கள்

"வீடியோ எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?" இந்தக் கேள்வி எனக்கு வாட்ஸப்பில் வராத மாதம் கிடையாது. கேட்பவர் டியூஷன் எடுப்பவராக இருப்பார், சமையல் சேனல் தொடங்கப் போகும் அத்தையாக இருப்பார், காலேஜ் புராஜெக்டுக்கு டெமோ வீடியோ கொடுக்க வேண்டிய பையனாக இருப்பான். யாராக இருந்தாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர்ல ரேம் எவ்வளவு?" பதிலுக்கு ஒரு கேள்விக்குறி வரும். சிலருக்குக் கோபமும் வரும். பேர் கேட்டால் பேரைச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, இவன் என்ன ஜாதகம் பார்க்கிறான் என்று.

ஆனால் பேரை மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். யூடியூபில் 'டாப் டென்' பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் போடுகிறவர்கள் எந்தக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. கீழே இருக்கும் லிங்க் வழியாக நாம் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அவர்கள் மேசையில் 32 ஜிபி ரேமும் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கும். நம் வீட்டில் இருப்பதோ பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய 8 ஜிபி லேப்டாப்.

ஆகவே முதல் வேலை: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் மெமரி எவ்வளவு, தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்டா இல்லையா, உள்ளே இருப்பது எஸ்எஸ்டியா பழைய ஹார்ட் டிஸ்க்கா, எல்லாம் தெரிந்துவிடும். 4 ஜிபி என்று வந்தால் எடிட்டிங் ஆசையை ரேம் கூட்டும் வரை தள்ளிப் போடுங்கள். பதிவு செய்வதும் முன்பின் வெட்டுவதும் மட்டும் முடியும். 8 ஜிபி, தனி கார்டு இல்லை என்றால் கையடக்கமான மென்பொருள்கள் உண்டு, நிம்மதியாக வேலை செய்யலாம். 16 ஜிபியும் தனி கார்டும் இருந்தால் சினிமாக்காரர்கள் பயன்படுத்துவதையே எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதுவும் காசில்லாமல்.

ரேமும் கார்டும் எதற்கு இவ்வளவு முக்கியம்? போனில் எடுத்த ஐந்து நிமிட வீடியோ சில நூறு எம்பிதானே, அதை வெட்டி ஒட்டுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். அந்தச் சின்ன அளவுதான் வினையே. எச்.264 என்ற சுருக்குமுறை 2003இல் வந்தது. இன்றும் வீடியோ உலகத்தின் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது. அது ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம். நடுவில் உள்ளவற்றுக்கெல்லாம் "முன்னதற்கும் இதற்கும் என்ன மாறியது" என்ற கணக்கு மட்டும். நேராக ஓட்டிப் பார்க்கும்போது சிக்கல் இல்லை. டைம்லைனில் நீங்கள் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டால், எடிட்டர் பின்னால் போய் முழுப் படத்தைப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வந்து நீங்கள் தொட்ட படத்தைக் காட்ட வேண்டும். இரண்டு கிளிப்பை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வேலை இரண்டு மடங்கு. லேப்டாப் விசிறி கத்துவது இதனால்தான்.

இதற்கு மருந்து 'பிராக்ஸி'. அசல் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, சின்ன அளவில் ஒரு நகல் செய்து அதை வைத்து எடிட் செய்வது. கடைசியில் வெளியே எடுக்கும்போது மென்பொருளே அசலை எடுத்துக்கொள்ளும். எடிட்டர் தேடும்போது டிரான்சிஷன் எத்தனை இருக்கிறது, எஃபெக்ட் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, பிராக்ஸி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் கணினிக்கு அதுதான் உயிர்நாடி.

இரண்டாவது விஷயம். திரையைப் பதிவு செய்வது வேறு வேலை, எடிட் செய்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே மென்பொருளில் தேடுவதால்தான் பலர் காசு கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தருவதில் பேர் போனது டெக்ஸ்மித் நிறுவனத்தின் கேம்டேசியா. 2002 முதல் இருக்கிறது. பாடம் நடத்துபவர்களுக்கென்றே செய்தது: மவுஸ் போகும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அம்புக்குறி போடும், வட்டம் போடும். நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது ஆண்டுச் சந்தா. வீடியோ போட்டுச் சம்பாதிப்பவருக்குச் சரி. வாரம் ஒரு பாடம் போடுபவருக்கு வீண் செலவு.

பதிவுக்கு எதையும் இறக்குவதற்கு முன் கணினியிலேயே இருப்பதைப் பாருங்கள். விண்டோஸ் 11 என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் ஸ்னிப்பிங் டூலிலேயே வீடியோ பதிவும் உண்டு. விண்டோஸ் பொத்தானோடு ஆல்ட், ஆர் சேர்த்து அழுத்தினால் கேம் பார் பதிவைத் தொடங்கும். ஆனால் அது திறந்திருக்கும் ஒரே ஒரு செயலியை மட்டும் எடுக்கும். டெஸ்க்டாப்பையோ ஃபைல் எக்ஸ்புளோரரையோ எடுக்காது, கேம் ஆடுபவர்களுக்குச் செய்தது அல்லவா. மேக் வைத்திருப்பவர்கள் கமாண்ட், ஷிஃப்ட், 5 அழுத்தினால் போதும், 2018இலிருந்து இருக்கிறது. "இந்த வெப்சைட்ல படிவம் எப்படி நிரப்புறது" என்று அண்ணனுக்குக் காட்ட இரண்டு நிமிட வீடியோ வேண்டும் என்றால் இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

ஒரு படி மேலே போக வேண்டும் என்றால் நேராக ஓபிஎஸ் ஸ்டூடியோ. 2012இல் தொடங்கியது, திறமூலம், முழு இலவசம், வாட்டர்மார்க் கிடையாது, நேரக் கட்டுப்பாடு கிடையாது. பேண்டிகேமின் இலவசப் பதிப்பை எடுத்தால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும், மேலே அவர்கள் பேரும் ஒட்டிக்கொள்ளும். ஓபிஎஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முதல் தடவை திறந்தவுடன் மூடிவிடத் தோன்றும். நடுவில் கறுப்பாக ஒரு பெட்டி, கீழே 'சீன்', 'சோர்ஸ்' என்று காலிக் கட்டங்கள். பயப்பட ஒன்றுமில்லை. 'சோர்ஸ்' கட்டத்தில் கூட்டல் குறியை அழுத்தி 'டிஸ்பிளே கேப்சர்' சேர்த்தால் திரை வந்துவிடும். வெப்கேமையும் இன்னொரு சோர்ஸாகச் சேர்த்து ஒரு மூலைக்கு இழுத்துவிடலாம்.

சில லேப்டாப்பில் அப்போதும் கறுப்புத் திரைதான் வரும். இன்டெல் ஒன்று, தனி கார்டு ஒன்று என்று இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும் இயந்திரங்களில் இது சர்வசாதாரணம். திரையை வரைவது ஒன்று, ஓபிஎஸ் ஓடுவது இன்னொன்றில். ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து 'பவர் சேவிங்' என்று தேர்ந்தெடுத்தால் கறுப்பு விலகிவிடும். இது தெரியாமல் ஓபிஎஸ்ஸை அன்இன்ஸ்டால் செய்தவர்கள் ஏராளம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு யாப்பிலக்கணம் பதிவு செய்து யூடியூபில் போடுகிறார். பவர்பாயின்டில் ஒரு வெண்பா, அதைச் சீர் சீராகப் பிரித்து, நேர், நிரை என்று மவுஸால் அலகிட்டுக் காட்டுவார். பார்க்கவே அழகாக இருக்கும். ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, ஒரு மணி நேரம் பேசினேன். ஈற்றடிக்கு வந்துட்டேன், கரண்ட் போச்சு. இப்ப ஃபைல் இருக்கு, ஆனா திறக்க மாட்டேங்குது."

"எந்த சாஃப்ட்வேர்ல எடுத்தீங்க ஐயா?"

"ஏதோ இலவசமா கிடைச்சது. கோப்பு எம்பி4னு இருக்கு."

போய்ப் பார்த்தேன். டெஸ்க்டாப், யுபிஎஸ் கிடையாது. கோப்பு 2 ஜிபிக்கு மேல் இருந்தது, ஆனால் எந்த பிளேயரும் தொடவில்லை. சாதாரண எம்பி4 கோப்பில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் அட்டவணை இல்லை. உள்ளே படமும் குரலும் பத்திரமாக இருந்தும் வழி தெரியாது. ஓபிஎஸ் வெகு நாட்களாக எம்கேவி வடிவில் பதிவு செய்யச் சொன்னதன் காரணம் இதுதான். எம்கேவியில் கரண்ட் போன நொடி வரைக்கும் எடுத்தது தப்பிவிடும். பிறகு ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ்' கொடுத்தால் அதே கோப்பு தரம் குறையாமல் சில விநாடிகளில் எம்பி4 ஆகிவிடும். 2024இல் வந்த 30.2 பதிப்பு முதல் 'ஹைபிரிட் எம்பி4' என்றும் ஒன்று இருக்கிறது. அதுவும் இடையில் நின்றாலும் கெட்டுப்போகாத வகை. ஆசிரியருக்கு அன்றைய பாடம் போனது போனதுதான். ஓபிஎஸ் போட்டுக் கொடுத்தேன். "ஈற்றடியை நாளைக்கு முதல்ல சொல்லிடுறேன்" என்று சிரித்தார்.

ஓபிஎஸ்ஸில் இன்னும் சில செட்டிங். ஸ்லைடும் மவுஸும்தான் என்றால் விநாடிக்கு 30 படம் தாராளம், 60 வேண்டாம். என்கோடர் என்ற இடத்தில் 'குவிக் சிங்க்' தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல் 2011 முதல் சிப்புக்குள்ளேயே வைத்துத் தரும் வீடியோ சுருக்கி அது, பிராசஸருக்குச் சுமை குறையும். என்விடியா கார்டு இருந்தால் அங்கே 'என்விஎன்க்' என்று இருக்கும். இடக் கணக்கு எளிது: விநாடிக்கு 8 மெகாபிட் என்றால் 1 மெகாபைட், நிமிடத்துக்கு 60 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. முழு எச்டி வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பதும் அந்த 8 மெகாபிட்தான். வீடியோவைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் போனில் பார்ப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள். பதிவுக்கு முன் விண்டோஸ் டிஸ்பிளே அளவை 125 அல்லது 150 விழுக்காட்டுக்கு ஏற்றிவிட்டால் எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரியும். எடிட்டரில் மெனக்கெட்டு ஜூம் செய்யும் வேலை பாதி குறைந்துவிடும்.

ஒலிதான் நம் வீடுகளில் பெரும்பாடு. மின்விசிறியை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும், நிறுத்தாவிட்டால் 'உர்ர்ர்' என்று பாடம் முழுக்க வரும். ஓபிஎஸ்ஸில் மைக்கின் மேல் ஃபில்டர் சேர்க்கலாம். 'நாய்ஸ் சப்ரஷன்' என்பதில் 'ஆர்என்நாய்ஸ்' என்று ஒன்று உண்டு. பேச்சையும் இரைச்சலையும் பிரித்தறியப் பழக்கப்பட்ட சின்ன நியூரல் வலை அது, இணையம் வேண்டாம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். மின்விசிறி இரைச்சலை நன்றாகவே அடக்கும். குக்கர் விசிலை அடக்காது. அதற்கு சமையலறையோடு பேச்சுவார்த்தைதான் வழி.

இனி எடிட்டர். ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது, விண்டோஸ் மூவி மேக்கர் இருந்தது. 2000இல் விண்டோஸ் மில்லெனியத்தோடு வந்து, 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. 2021இல் ஆஸ்திரேலியாவின் கிளிப்சாம்ப்பை வாங்கி அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11இல் கூடவே வரும், முழு எச்டி வரை இலவசமாக வெளியே எடுக்கலாம். பிறந்தநாள் வீடியோவுக்கு நன்று. நீளமான பாடங்களை வைத்து மல்லுக்கட்ட எனக்குப் பிடிக்கவில்லை.

8 ஜிபி லேப்டாப்காரர்களுக்கு என் ஓட்டு ஷாட்கட். அடுத்த இடம் கேடென்லைவ். இரண்டும் திறமூலம், இரண்டிலும் பிராக்ஸி உண்டு, இரண்டுக்கும் அடியில் ஓடும் இன்ஜினும் ஒன்றே: எம்எல்டி. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேன் டென்னடிதான் ஷாட்கட்டைச் செய்பவர். கேடென்லைவ் 2002இல் லினக்ஸில் பிறந்தது, இப்போது விண்டோஸிலும் மேக்கிலும் ஓடுகிறது. வசதி என்று பார்த்தால் கேடென்லைவில்தான் அதிகம். பின் ஏன் ஷாட்கட்? போனில் எடுத்த வீடியோவில் விநாடிக்கு இத்தனை படம் என்பது நிலையாக இருக்காது, வெளிச்சத்துக்குத் தக்கபடி கூடும் குறையும். அதை அப்படியே டைம்லைனில் போட்டால் போகப்போக வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஷாட்கட்டில் அப்படிப்பட்ட கோப்பைத் திறந்தவுடனே, இது எடிட்டிங்குக்கு ஒத்துவராது, மாற்றித் தரட்டுமா என்று அதுவே கேட்கும். புதிதாக வருபவருக்கு இந்த ஒரு கேள்வி எத்தனையோ தலைவலியை மிச்சப்படுத்தும். வேறு எடிட்டர் வைத்திருப்பவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' கொடுத்து மாற்றிக்கொண்டு பிறகு உள்ளே கொண்டு வாருங்கள்.

முன்னால் தொண்டையைக் கனைத்தது, பின்னால் "நின்னுடுச்சா?" என்று கேட்டது, இவற்றை மட்டும் வெட்ட வேண்டும் என்றால் எடிட்டரே வேண்டாம். லாஸ்லெஸ்கட் போதும். மறுபடி சுருக்காமல் அப்படியே நறுக்கித் தரும், ஒரு மணி நேர வீடியோ சில விநாடிகளில் முடியும். முன்சொன்ன அந்த முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் வெட்டு விழும் என்பதால் ஒன்றிரண்டு விநாடி முன்பின் ஆகலாம்.

நல்ல இயந்திரம் வைத்திருப்பவர்கள் டாவின்சி ரிசால்வுக்குப் போகலாம். கேமரா செய்யும் ஆஸ்திரேலிய நிறுவனமான பிளாக்மேஜிக், 2009இல் டாவின்சியை வாங்கியது. திரைப்படங்களுக்கு நிறம் சீர்செய்யும் கருவி என்று பேர் பெற்றது அது. இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வெளியே எடுக்கலாம், வாட்டர்மார்க் கிடையாது. 295 டாலர் ஸ்டூடியோ பதிப்பு ஒரே தடவை வாங்குவது, சந்தா அல்ல. லினக்ஸில் மட்டும் ஒரு வம்பு: இலவசப் பதிப்பு எச்.264 வீடியோவைத் திறக்காது. உபுண்டுவில் ஆசையாக நிறுவி, வீடியோவை இழுத்துப் போட்டால் வராமல் முழிப்பவர்கள் உண்டு. 8 ஜிபியில் இதைப் போட்டு இயந்திரத்தைச் சித்திரவதை செய்ய வேண்டாம்.

பட்டியல் போடுபவர்கள் யாரும் தொடாத ஒன்று நமக்கு இருக்கிறது, தமிழ்த் தலைப்பு. எடிட்டரை நிறுவியதும் முதல் வேலையாக ஒரு டைட்டிலில் 'கொண்டு', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' மூன்றையும் அடித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சில மென்பொருள்களில் ககரம் தனியாக நிற்கும், கொம்பும் காலும் புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு பின்னால் வரும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, எழுத்துகளைக் கோக்கும் இன்ஜின் அந்த மென்பொருளில் இல்லை. அடோபி பிரீமியரில் கூட, செட்டிங்ஸில் 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்ற டெக்ஸ்ட் இன்ஜினைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும். ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் யூனிகோட் தமிழ் பிசகில்லாமல் நிற்கிறது. எழுத்தெழுத்தாகத் தட்டச்சாகும் எஃபெக்டை மட்டும் தமிழில் தவிர்த்துவிடுங்கள். 'க' வந்து, பிறகு அது 'கொ' ஆக மாறுவதைப் பார்க்கச் சகிக்காது.

உங்கள் எடிட்டரில் தமிழ் உடைகிறது, ஆனால் மற்றபடி பிடித்திருக்கிறது என்றால் குறுக்கு வழி ஒன்று. பவர்பாயின்டில் தலைப்பை அடித்து, அந்த டெக்ஸ்ட் பெட்டியின் ஓரத்தில் வலச்சொடுக்கி 'சேவ் ஆஸ் பிக்சர்' கொடுத்து பிஎன்ஜியாகச் சேமியுங்கள். பின்னணி இல்லாத படமாக வரும். வீடியோவின் மேல் வைத்துவிடலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் போன்ற எழுத்துருக்கள் இலவசம், வீடியோவில் பயன்படுத்தவும் தடை இல்லை.

இலவசம் என்று சொல்லி உள்ளே இழுப்பவை தனி ரகம். ஃபில்மோரா எல்லாவற்றையும் செய்ய விடும், வெளியே எடுக்கும்போதுதான் வாட்டர்மார்க். லைட்வொர்க்ஸ் இலவசப் பதிப்பு 720பி-க்கு மேல் தராது. இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கிய பிறகு இது தெரிந்தால் வயிறு எரியும். அதனால் எதை நிறுவினாலும், ஒரு நிமிட வீடியோவை உள்ளே போட்டு, ஒரு வெட்டு, ஒரு தமிழ்த் தலைப்பு, கொஞ்சம் இசை சேர்த்து, முதல் நாளே வெளியே எடுத்து, அதைப் போனில் ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தை வெளியே தள்ள உங்கள் கணினி இருபது நிமிடம் எடுத்தால் அந்த மென்பொருள் உங்களுக்கானது அல்ல. கிராக் பதிப்பு பென்டிரைவில் தருகிறேன் என்று நண்பர் சொன்னால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வங்கிக் கணக்குத் திறக்கும் அதே கணினியில் அது வேண்டாம்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், மென்பொருளுக்கு முன் சட்டையில் மாட்டும் ஒரு மைக், அதற்கடுத்து 8 ஜிபியைப் பதினாறாக்கும் ரேம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கடைசியாக, இறக்கும் இடம். மூவி மேக்கர் போன பிறகு 2017 இறுதியில் அதன் பெயரில் ஒரு போலித் தளம் கூகுள் தேடலில் மேலே வந்தது. இலவசமாக இருந்த மென்பொருளுக்குப் பணம் கேட்டு ஏமாற்றியது. 2023 தொடக்கத்தில் ஓபிஎஸ் பெயரில் தேடல் விளம்பரமாகவே தீநிரல் வந்தது. அதனால் 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருக்கும் முதல் வரியைச் சொடுக்காதீர்கள். ஓபிஎஸ், ஷாட்கட், கேடென்லைவ் எதுவானாலும் அவர்கள் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்குவதற்கு முன் கார்டு நம்பர் கேட்டால் அது போலி.